தலையணை உறையில் வந்த நன்றி

எங்கள் கப்பலில் திருட்டுக்கு ஒரே ஒரு விதிதான்: திருடக்கூடாது. நன்றிக்கு மட்டும் தனியாக ஒரு துறை இருந்தது.

கப்பலின் பெயர் சதர்ன் டச்சஸ். சிட்னியில் கிளம்பி நூமெயா, லிஃபூ, போர்ட் விலா என்று பசிபிக் தீவுகளை ஒரு சுற்று சுற்றிவிட்டு மறுபடியும் சிட்னிக்கே வந்து நிற்பாள். நான் அவளுடைய அடிவயிற்றில், லாண்டரியில் வேலை பார்க்கிறேன். மேலே பயணிகள் படுத்த விரிப்பு, துடைத்த துண்டு, கொட்டிய சாஸ் எல்லாம் கடைசியில் என்னிடம்தான் வந்து சேரும். அவர்களைப் பற்றி எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. அது துணியைப் பார்த்து வந்தது என்பதால் ஓரளவு சரியாகவே இருக்கும்.

ஆஸ்திரேலியர்கள் கஞ்சர்கள் இல்லை. ஆனால் டிப்ஸ் என்றால் அவர்களுக்கு ஆகாது. வேலை செய்கிறவனுக்கு முதலாளி ஒழுங்காகச் சம்பளம் கொடுக்கட்டும், என் தலையில் ஏன் கட்டுகிறீர்கள் என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். அதற்குக் கம்பெனி கண்டுபிடித்த பதில், ஒவ்வொரு பயணியின் கணக்கிலும் தினமும் ஒரு தொகையைத் தானாகவே ஏற்றிவிடுவது. அதற்கு 'நன்றி நல்கை' என்று பெயர். பயணிகள் கண்டுபிடித்த பதில், இரண்டாம் நாள் காலையில் ரப்பர் செருப்போடு வரிசையில் நின்று அதை நீக்கச் சொல்வது. இறால் போடுகிற இரவில்கூட அவ்வளவு நீள வரிசை நிற்காது. முகப்பு மேசையில் இருக்கிற பெண் ஒவ்வொருவரையும் பார்த்துச் சிரித்து, "உங்க நன்றியை முழுசா நீக்கட்டுமா, கொஞ்சம் வெச்சுக்கிறீங்களா?" என்று கேட்க வேண்டும். சிரிக்காமல் கேட்டால் அவளுக்கு அபராதம்.

இந்த நிலைமையைச் சீர்படுத்தத்தான் பயணியர் நன்றியுணர்வுத் துறை தொடங்கப்பட்டது. அதன் இயக்குநராக ரூபர்ட் கார்ஸ்டேர்ஸ் என்பவர் லண்டனிலிருந்து வந்து சேர்ந்தார். முன்பு ஒரு விமானக் கம்பெனியில் தொலைந்துபோன பெட்டிகளுக்குப் பொறுப்பாக இருந்தவர். அங்கே கிடைத்த அனுபவம் இங்கே பயன்படும் என்று நினைத்திருப்பார்கள் போல.

வந்த கையோடு அவர் சில ஏற்பாடுகள் செய்தார். பயணி ஊழியருக்கு நேரடியாகப் பரிசு கொடுத்தால், கூடவே கையெழுத்திட்ட சீட்டு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது திருட்டு. தின்பண்டம் கூடாது, மதுவும் கூடாது. மிஞ்சியது கோலா கரடி பொம்மைதான். சட்டைப்பையில் கவ்விக்கொள்ளுமே, அந்தச் சின்னக் கோலா. எங்கள் படுக்கையறைகளில் மனிதரைவிட அதுதான் அதிகம். இன்னொரு ஏற்பாடு இதைவிட மோசம். பயணிகள் யாரை அதிகமாகப் பாராட்டுகிறார்களோ அவரைக் கம்பெனி இழக்கக்கூடாது என்று சொல்லி, அவருடைய ஒப்பந்தத்தை நாலு மாதம் நீட்டிவிடுவார்கள். அதற்குப் பெயர் 'கௌரவ நீட்டிப்பு'. போன பயணத்தில் நெங்கா என்ற பாலித் தீவுக்காரன், பாரில் வேலை செய்கிறவன், கூட்டமாகப் பயணம் வந்த ஒரு கிளப்பு முழுக்கப் பாராட்டித் தொலைத்ததால் தன் தம்பி கல்யாணத்துக்குப் போக முடியாமல் போனான். அன்று அவனுக்குக் கேக் வெட்டினார்கள்.

நெப்டாலி என்னைப் போலப் பிலிப்பைன்ஸ்காரன், இலோயிலோ ஊர். எட்டாம் தளத்தில் அறை ஊழியன். இந்தச் சுற்றோடு அவன் ஒப்பந்தம் முடிகிறது. சிட்னியில் இறங்கி விமானம் ஏறினால், அடுத்த ஞாயிறு ஊரில் அவன் மகளுக்கு ஞானஸ்நானம். ஏற்கெனவே இரண்டு தடவை ஏதேதோ காரணத்தால் தள்ளிப்போனது. அவன் கப்பலில் இருக்கும்போது பிறந்த பிள்ளை, இப்போது நடக்கிறது. இன்னும் தூக்கிப் பார்த்ததில்லை. விருந்துக்கென்று வாங்கிய பன்றிக்குட்டி, தேதி தள்ளித் தள்ளிப்போய் இப்போது வீட்டில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறதாம். அவன் மனைவி லூஸ்விமிண்டா போனில் கத்துவது பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது.

"பன்னி வளருது, புள்ளை வளருது, நீ மட்டும் அங்கேயே நிக்கிறே. இந்தத் தடவை வரலன்னா நான் பாதிரியாரையே புள்ளைக்கு அப்பன்னு சொல்லிடுவேன்."

அதனால் இந்தச் சுற்றில் நெப்டாலி மிகவும் ஜாக்கிரதையாக இருந்தான். புகார் வந்தால் வேலை போகும். பாராட்டு வந்தால் ஊர் போகும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சுமாரான ஆளாக, முகமே ஞாபகம் இல்லாதபடி காலத்தைத் தள்ளிவிட வேண்டும் என்று முடிவு செய்திருந்தான். ஆனால் அவனுக்குச் சுமாராக வேலை செய்யத் தெரியாது. அதுதான் வினையாகிப் போனது.

அவன் தளத்தில் டெஸ் ஹானிகன் என்று ஒரு கிழவர் இருந்தார். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்து உள்நாட்டில், ஆட்டு ரோமம் கத்தரிக்கிற கூட்டத்துக்கு மேஸ்திரியாக இருந்தவர். மனைவி இல்லை. காது மந்தம். லிஃபூவுக்குப் போகிற வழியில் அவருடைய காது மிஷின் காணாமல் போய்விட்டது. படுக்கை விரிப்போடு சுருட்டிப் போயிருக்க வேண்டும். சாப்பாட்டு மேசையில் எல்லோரும் சிரிக்கும்போது சிரிக்கவும், சிரிப்பு நின்றது தெரியாமல் தொடர்ந்து சிரிக்கவுமாக ஒரு வேளை பூராவும் உட்கார்ந்திருந்தாராம். நெப்டாலி அதைப் பார்த்துவிட்டு நேராக லாண்டரிக்கு வந்தான்.

எட்டாம் தளத்துத் துணி மலைபோலக் கிடந்தது. கைவிட்டுத் தேடினால் விடிந்துவிடும். அவன், "குயா, மிஷினை எல்லாம் கொஞ்சம் நிறுத்து" என்றான். எங்கள் ஊரில் மூத்தவனைக் குயா என்போம். நிறுத்தினேன். கப்பலின் அடிவயிற்றில் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதே இல்லை. குவியலுக்குள்ளிருந்து கொசு கத்துகிற மாதிரி ஒரு மெல்லிய கீச்சொலி வந்தது. அந்த மிஷின் துணியில் அழுந்தினால் அப்படித்தான் கூவும். ஒரு தலையணை உறைக்குள்ளிருந்து எடுத்துக்கொண்டு போனான்.

டெஸ் அதைக் காதில் மாட்டிக்கொண்டு, "நல்ல ஆளுப்பா நீ" என்று மட்டும் சொன்னார். நெப்டாலி நிம்மதியாகத் திரும்பினான். அந்த மனிதர் இரண்டாம் நாள் வரிசையில் முதல் ஆளாக நின்று நன்றி நல்கையை நீக்கியவர். இனி ஆபத்தில்லை என்று நினைத்தான்.

ஆனால் அந்த நாட்டுக்காரர்களுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. வருஷம் பூராவும் குப்பை அள்ளுகிறவனுக்குக் காசு கொடுத்தால் அவனைக் கேவலப்படுத்தியதாக நினைப்பார்கள். கிறிஸ்மஸ் வந்ததும் ஒரு பெட்டி பீரைக் குப்பைத்தொட்டி மேல் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார்கள். சீட்டும் இல்லை, பேச்சும் இல்லை. அள்ள வருகிறவன் எடுத்துக்கொண்டு போவான். டெஸ்ஸுக்குத் தெரிந்த நன்றி அதுதான். மறுநாள் பாரில் டின் டின்னாக பீர் வாங்கிச் சேர்த்து, தன் தலையணை உறைக்குள் போட்டு, குளியல் அங்கியின் நாடாவால் வாயைக் கட்டி, தாழ்வாரத்தில் நின்ற நெப்டாலியின் தள்ளுவண்டி மேல் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

நெப்டாலி மூட்டையைத் தூக்கியதும் கேமரா பார்த்தது. காவல் அதிகாரி வந்தார். பயணிகளின் மது ஒரு குற்றம், கம்பெனியின் தலையணை உறை இரண்டாம் குற்றம், நாடா மூன்றாம் குற்றம் என்று சொல்லி அவனை அழைத்துப்போனார்கள். திருட்டு என்று முடிவானால் மணிலாவில் எந்த ஏஜென்ட்டும் இனி அவனைக் கப்பல் ஏற்ற மாட்டான்.

விசாரணை நன்றியுணர்வுத் துறையின் அலுவலகத்தில் நடந்தது. உறையை அடையாளம் சொல்ல என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். சுவரில் கைகூப்பிய படங்கள். டெஸ்ஸும் வந்திருந்தார். தான்தான் கொடுத்ததாக ஒரு வாக்கியத்தில் சொல்லி முடித்துவிட்டு எழுந்திருக்கப் பார்த்தார். கார்ஸ்டேர்ஸ் அவரை உட்காரச் சொன்னார்.

"மிஸ்டர் ஹானிகன், எங்க கணக்குப்படி நீங்க ரெண்டாம் நாள் காலையிலயே நன்றியை முழுசா நீக்கிட்டீங்க. அப்போ இந்த நிமிஷம் உங்ககிட்ட நன்றியே இல்ல. இல்லாத ஒண்ணை நீங்க எப்படி இவருக்குக் குடுத்திருக்க முடியும்?"

"நான் பீர் குடுத்தேன், மேட்."

"அதைத்தான் சொல்றேன். நன்றி இல்லாம பீர் மட்டும் கை மாறியிருக்கு. அதுக்குப் பேரு என்ன?"

டெஸ் காது மிஷினைத் தட்டிப் பார்த்துக்கொண்டார். கோளாறு அதில் இல்லை என்று தெரிந்ததும், தன் கையால் ஒருத்தனுக்கு ஒரு பொருளைக் கொடுக்கத் தனக்கு யார் உத்தரவும் வேண்டியதில்லை என்றார். கார்ஸ்டேர்ஸுக்கு அது மனதைப் புண்படுத்தியது. எழுந்து நின்றார்.

"நன்றிங்கிறது மனசுல சும்மா பொங்குற சமாச்சாரம்னு நெனைச்சுட்டீங்க. இல்ல சார். அது கம்பெனியோட சொத்து. இவங்க சம்பளத்தை ஏத்தாம வருஷக்கணக்கா வெச்சிருக்கிறது லேசான காரியமா? அதுக்குப் பதிலா ஒரு துறை வெச்சு, அதுக்கு ஆள் வெச்சு, எங்களுக்கெல்லாம் நல்ல சம்பளமும் குடுத்து நடத்துறோம். நீங்க பாட்டுக்கு ஒரு மூட்டையைக் கட்டி நேரா அவன் கையில குடுத்தா, நடுவுல நாங்க எதுக்கு?"

நாங்கள் எல்லோரும் அந்தக் கேள்விக்கு ஒரு பதில் வைத்திருந்தோம்.

தீர்வு என்னவென்றால், டெஸ் முகப்பு மேசைக்குப் போய்த் தன் நன்றியை முதல் நாளிலிருந்து மறுபடி ஏற்றிக்கொள்ள வேண்டும். அப்படிச் செய்தால் அவர் அன்றிலிருந்தே நன்றியுள்ளவர் ஆகிவிடுவார், பீரும் பரிசாகிவிடும். முணுமுணுத்துக்கொண்டே போய் ஏற்றினார். நெப்டாலி திருடன் இல்லை என்று அறிவிக்கப்பட்டது. மது கூடாதென்பதால் பீரைப் பரிசோதனைக்காக அதிகாரிகளின் பாருக்கு அனுப்பினார்கள். பரிசோதனை அன்று மாலையே முடிந்தது. காலி டின்கள் நெப்டாலியிடம் வந்தன, குப்பையில் போட. உறை என்னிடம் வந்தது, துவைக்க.

நெப்டாலி அன்று சாப்பிடவில்லை. லாண்டரியில் துண்டுக் குவியல் மேல் வந்து உட்கார்ந்தான்.

"திருடன்னா வேலை போயிடும், குயா. நல்லவன்னா வீடு போயிடும். நடுவுல ஒரு எடம்கூட இல்லையா?"

அவன் பேர் இன்னும் ஒரே ஒருத்தர் கணக்கில்தான் இருக்கிறது, ஒரு பாராட்டுக்கெல்லாம் நீட்ட மாட்டார்கள் என்று சமாதானம் சொன்னேன். டெஸ் ஹானிகனுக்கு ஆத்திரம் வந்திருக்கும் என்பது எனக்குத் தோன்றவில்லை.

வந்திருந்தது. தன் பீரை அதிகாரிகள் குடித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் அவர் நீச்சல்குளத்து ஓரம், பிங்கோ, சாப்பாட்டு மேசை என்று ஒவ்வோர் இடமாகப் போய் நடந்ததைச் சொன்னார். நல்ல பையன் ஒருத்தனை மிதிக்கிறார்கள், அவனுக்கு நாம்தான் கைகொடுக்க வேண்டும் என்றார். ஆஸ்திரேலியர்களுக்குக் கம்பெனிக்காரனைக் குத்துவது என்றால் தனி உற்சாகம். மறுநாள் காலை முகப்பு மேசை முன்னால் மறுபடியும் நீள வரிசை. இந்தத் தடவை நீக்கிய நன்றியைத் திரும்ப ஏற்றிக்கொள்ள. ஒவ்வொருவரும் நெப்டாலி பேரைச் சொல்லி ஏற்றினார்கள். இவனைப் பார்த்தே இராத நாலாம் தளத்துக்காரர்கள் எல்லாம் இவன் புன்னகையைப் பற்றிச் சொன்னார்களாம். கார்ஸ்டேர்ஸ் மாடிப்படியில் நின்று அந்த வரிசையைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இதற்குள் நெப்டாலிக்குக் கிலி பிடித்துவிட்டது. டெஸ்ஸிடம் விஷயத்தைச் சொல்லிவிடலாம்தான். ஆனால் ஊழியர்கள் தங்கள் வீட்டு விஷயத்தைப் பயணிகளிடம் பேசினால் அது இரக்கத்தைத் தூண்டி நன்றியில் கலப்படம் செய்த குற்றம். சொன்னால் மறுபடியும் விசாரணை. அதனால் அவன் கெட்ட வேலைக்காரனாகிவிடப் பார்த்தான். விரிப்பைக் கோணலாகப் போட்டான். சோப்பு வைக்காமல் விட்டான். தினமும் துண்டை மடித்துக் கட்டில் மேல் யானை, அன்னம் என்று ஏதாவது செய்து வைக்க வேண்டும். அன்றைக்கு ஈரத்துண்டைக் கசக்கி நடுக்கட்டிலில் எறிந்துவிட்டு வந்தான்.

டெஸ் அதைப் பார்த்து அசந்துபோய்விட்டார். "வாம்பட் செஞ்சிருக்கான் பாருங்கப்பா, நம்ம ஊர் வாம்பட்" என்று பக்கத்து அறைக்காரர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். படம் எடுத்தார்கள். எல்லாக் கப்பலிலும் அன்னம்தான் செய்கிறார்கள், குட்டையும் குண்டுமான அந்த உள்ளூர் பிராணியை மதித்தவன் இவன் ஒருத்தன்தான் என்று அதற்கும் தனியாகப் பாராட்டு வந்தது.

கடைசி மாலை ஊழியர் அணிவகுப்பு. இது எல்லாச் சுற்றிலும் உண்டு. சமையல்காரர், பரிமாறுகிறவர், அறை ஊழியர், எங்களைப் போன்ற இருட்டறை ஆட்கள் எல்லோரும் பாட்டுக்குத் தகுந்தபடி கைக்குட்டையைச் சுழற்றிக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்தைச் சுற்றிவர வேண்டும். பயணிகளும் மேசையில் வைத்த கைத்துண்டைச் சுழற்றுவார்கள். பாதிப் பேர் அப்போதுதான் அதில் வாய் துடைத்திருப்பார்கள். அத்தனையும் ராத்திரி எனக்கு வேலை.

பாட்டு நின்றதும் கார்ஸ்டேர்ஸ் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"இந்தக் கப்பல் சரித்திரத்துல இவ்வளவு நன்றியை யாரும் வாங்கினதில்ல. மத்த கம்பெனியா இருந்தா என்ன செய்வாங்க? கையில காசைக் குடுத்து வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. நாங்க அப்படிப்பட்டவங்க இல்ல. நீங்க நேசிக்கிற ஒருத்தரை நாங்க வீட்டுக்கு அனுப்பவே மாட்டோம்."

கூடம் அதிர்ந்தது. நெப்டாலிக்குக் கௌரவ நீட்டிப்பு, நாலு மாதம். கூடவே அவன் முகம் போட்ட ஒரு சட்டமிட்ட படம். அவனுக்கு எடுத்திருந்த விமான டிக்கெட் வீணாகக்கூடாது என்பதால், அதே தளத்தில் வேலை செய்கிற வில்ஃப்ரெடோவுக்குக் கொடுக்கப்பட்டது. பயணிகளின் பிஸ்கட்டைத் தின்றுவிட்டு அவர்கள் கட்டிலிலேயே தூங்குகிறவன் அவன். புகார் மேல் புகார் வாங்கியதால், கம்பெனி அவனை இழக்கத் தயாராக இருந்தது. டெஸ் நாற்காலி மேல் ஏறி நின்று கைதட்டினார். நெப்டாலி கைக்குட்டையைச் சுழற்றினான். நிறுத்தச் சொல்லாதவரை சுழற்ற வேண்டும் என்பது விதி.

சிட்னியில் காலையில் பயணிகள் இறங்கினார்கள். ஊழியர்கள் இறங்குபாலத்தின் இரண்டு பக்கமும் நின்று கையசைத்தோம். டெஸ் தன் பயண அட்டையை வாசல் மிஷினில் தேய்த்தார்; மணி அடித்தது. அந்த மணி அடித்தபின் அவர் பயணி இல்லை. நெப்டாலியின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"நாலு மாசம் கூட வேலை. எங்க ஊர்ல ஒருத்தனுக்கு இப்படிக் கெடைச்சா ஒரு வாரம் குடிப்பான். அவங்களுக்குக் குடுத்தேன் பாத்தியா ஒரு பாடம்."

பயணியிடம் வீட்டு விஷயம் பேசக்கூடாது என்பதை நெப்டாலி மறக்கவில்லை. ஆனால் மணி அடித்துவிட்டதே, இப்போது இவர் யாரோ ஒருவர்தானே.

"சார், ஞாயித்துக்கெழமை என் மகளுக்கு ஞானஸ்நானம். நான் இன்னும் அவளைப் பார்த்ததில்ல சார். அந்த டிக்கெட்டு அதுக்குத்தான்."

டெஸ்ஸுக்கு அது நன்றாகவே கேட்டது. நெப்டாலி தேடிக் கொடுத்த மிஷின் காதில் இருந்தது. கிழவர் திரும்பி இறங்குபாலத்தில் ஏறப் பார்த்தார். காவல் அதிகாரி கையை நீட்டித் தடுத்தார்.

"என் நன்றியை நீக்கணும். எல்லாத்தையும் எடுத்துடு. என் பேருல ஒரு துளி நன்றி இருக்கக் கூடாது."

காவல் அதிகாரி மரியாதையாகவே சொன்னார். "அதுக்கு ரெண்டாம் நாள் காலையில வரிசையில நின்னிருக்கணும், சார். பயணம் முடிஞ்சப்புறம் நன்றியைத் திருப்பித் தர முடியாது."

டெஸ் துறைமுகத் தளத்தில் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வில்ஃப்ரெடோ அவரைத் தாண்டி, சீட்டியடித்துக்கொண்டு டாக்சி ஏறினான். எனக்கு டெஸ் மேல் கோபமே வரவில்லை. வயிற்றெரிச்சல் எல்லாம் மேலே ஜன்னலில் நின்று கையசைத்துக்கொண்டிருந்த கார்ஸ்டேர்ஸ் மேல்தான்.

மத்தியானம் அடுத்த கூட்டம் ஏறியது. டெஸ் இருந்த அறைக்கு பெண்டிகோ ஊர்க்காரர்கள், ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். நான் புதுத் துண்டுகளைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டிருந்தேன். நெப்டாலி வாசலில் நின்று, விளக்கு எங்கே, குளிர்சாதனம் எப்படி என்று ஒவ்வொன்றாகக் காட்டினான். கடைசியில் கையைக் கட்டிக்கொண்டு சொன்னான்.

"உங்களுக்கு எது வேணும்னாலும் நான் செஞ்சு தர்றேன். பதிலுக்கு ஒரே ஒரு உதவி, மேம். தயவுசெஞ்சு யார்கிட்டயும் என்னைப் பத்தி நல்லதா ஒரு வார்த்தை சொல்லிடாதீங்க."

அந்த அம்மாள் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு கணவனைப் பார்த்தாள். கதவு மூடியதும் இருவரும் பெட்டியைக்கூடத் திறக்காமல் நேராக முகப்பு மேசைக்குப் போய், இத்தனை அடக்கமான பிள்ளையை எந்தக் கப்பலிலும் கண்டதில்லை என்று சொல்லிவிட்டு வந்தார்கள். கப்பல் துறைமுகத்தை விட்டு நகர்வதற்குள் கார்ஸ்டேர்ஸ் அதை ஒலிபெருக்கியில் வாசித்தார்.